மரம் செதுக்கும் பெரிய ரூட்டரை மேசைக்கு அடியில் பூட்டி ஓட்டுவது எப்படி?

கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாக எடுக்கும் பேனல் பிட்டின், அதாவது ரூட்டரில் மாட்டிச் சுழலவிடும் வெட்டுமுனையின், அகலம் சுமார் 80 மி.மீ. வரும். அதைக் கையில் பிடித்து ஓட்டும் ரூட்டரில் மாட்டவே கூடாது. 2,000 வாட்டுக்கு மேற்பட்ட ரூட்டரை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பூட்டித்தான் ஓட்ட வேண்டும்.

வாங்கும்போதே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 24,000 சுற்றில் இந்தப் பிட்டின் விளிம்பு மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 10,000 சுற்றுக்கு இறக்கினால் 150 கிலோமீட்டர். அவ்வளவு இறக்கினால் சின்ன மோட்டார் திணறும், பெரியது திணறாது. இவ்வளவு வாட் எதற்கு என்றால் இதற்குத்தான். சாதாரண 5 ஆம்ப் பிளக்கில் செருகாதீர்கள், 15 ஆம்ப் பாயிண்ட் வேண்டும்.

ரூட்டரை, அதைத் தாங்கி மேசையில் பதியும் பிளேட்டில் திருகி மேசையில் உட்கார வைத்ததும், பிளேட்டும் மேசையும் சேரும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் பலகையும் தட்டும். மட்டம் சரியாகும்வரை திருகுகளைத் திருப்புங்கள்.

அடுத்து பிட். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். நம் கடைகளில் 12 மி.மீ. தண்டுள்ள பிட்டும் அரை இஞ்ச் தண்டுள்ள பிட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. 12 மி.மீ. தண்டை அரை இஞ்ச் காலட்டில் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) போட்டு இறுக்கினால் பிடித்ததுபோல்தான் தெரியும், ஓட்டும்போது நழுவும். தண்டை அடிவரை இறக்கி, 2 மி.மீ. மேலே இழுத்து, அப்புறம் இறுக்குங்கள். நான் அடிமுட்ட வைத்து இறுக்கிய ஒரு நாள், பிட் தானாக மேலேறி பலகையில் பள்ளம் விழுந்தது. கழற்றிப் பார்த்தால் தண்டைச் சுற்றிக் கறுப்பாகத் தேய்ந்த தடம். அந்தத் தடம் இருந்தால் காலட்டைச் சோதிக்காமல் மறுபடி ஓட்டாதீர்கள்.

பலகையை ஒட்டித் தள்ளுவதற்கான தடுப்புக்கட்டைதான் ஃபென்ஸ். அதன் முகத்தைப் பிட்டில் உள்ள பேரிங்குக்கு நேர்கோட்டில் நிறுத்துங்கள். பலகை எப்போதும் ஃபென்ஸுக்கு உங்கள் பக்கம் இருக்கட்டும், பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் நுழைக்கவே கூடாது.

இனி ஓட்டலாம். கண்ணாடி, காதடைப்பு, மாஸ்க் மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். பலகையின் முகப்பைக் கீழே வைத்து வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள். தலைகீழாக இருப்பதால் மேலிருந்து பார்க்க பிட் இடஞ்சுழியாகச் சுற்றும், அதை எதிர்த்துத்தான் மரம் போக வேண்டும். மாற்றித் தள்ளினால் பலகையைக் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். விரல்கள் பிட்டுக்குப் பக்கத்தில் போகாதபடி தள்ளுகட்டையைப் பயன்படுத்துங்கள்.

முதல் சுற்றுக்குப் பிட்டை 2 அல்லது 3 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இழை அறுபட்டு நிற்கும் குறுக்கு ஓரங்களை முதலில் ஓட்டுங்கள். அங்கே மூலை கொஞ்சம் பிய்யும், அடுத்து நீள ஓரங்களை ஓட்டும்போது அந்தப் பிசிறு போய்விடும்.

பேனலில் கறுத்த கோடு விழுந்தால், அங்கே தள்ளுவதை நிறுத்தியிருக்கிறீர்கள். அதற்காகவே கடைசிச் சுற்றுக்கு அரை மி.மீ. மிச்சம் வையுங்கள். நிற்காமல் ஒரே சீராகத் தள்ளினால் கருகலும் கழன்று வந்துவிடும்.