ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கருப்பட்டித் தேங்காய்ப்பால்

பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வீடு நிறைய உறவினர் கூடும் வேளையில், ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் தொட்டுக்கொள்ள, நெல்லைச் சீமை ஆச்சிமார் கலந்து தந்த கருப்பட்டித் தேங்காய்ப்பாலை அரை மணி நேரத்தில் ஆயத்தப்படுத்திவிடலாம். 200 கிராம் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரையவிட்டு, அடியில் மணலும் தூசியும் தங்குமாதலால் மெல்லிய துணியில் கட்டாயம் வடிகட்ட வேண்டும். வடித்த பாகை, கரண்டியிலிருந்து தேன்போல் இழுபட்டு விழும்வரை சிறுதீயில் காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின்னரே ஒரு மூடித் தேங்காயின் முதற்பாலை ஊற்ற வேண்டும். கொதிக்கும்போதே ஊற்றினால் பால் திரிந்துவிடும் (அவசரத்தில் நானும் ஒருமுறை திரித்திருக்கிறேன்). சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டியும் உப்பு ஒரு சிட்டிகையும் போதும். ஏலக்காய் கருப்பட்டியின் மணத்தை அமுக்கிவிடும் என்பது என் எண்ணம். மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.