அகாடிய மூதாதையரின் பூர்விகத்தைத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் பகுதிகளில் 17-ஆம் நூற்றாண்டில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள் அகாடியர்கள். 1755 முதல் 1763 வரை பிரிட்டிஷ் ராணுவம் அவர்களை வீடுவாசலை விட்டுத் துரத்திக் கப்பலேற்றியது. பிரான்ஸ், கியூபெக், லூயிசியானா என்று திசைக்கொன்றாகச் சிதறினார்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்று வம்சாவளி எழுத உட்கார்ந்தால் பல தலைமுறைகள் தடையில்லாமல் கிடைத்துவிடும். தேடல் முட்டி நிற்பது கடைசிப் படியில்தான். கப்பலிலிருந்து இறங்கிய அந்த முதல் ஆள் எந்த ஊர்க்காரர்? யார் பெற்ற பிள்ளை?

இதற்குப் பதில் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. குடும்பமாக வந்து தங்கும் குடியேற்றம் 1632-இல் பிரெஞ்சு ஆளுநர் இசாக் தெ ராசியியின் வருகைக்குப் பிறகுதான் வேர்பிடித்தது. ஆனால் அகாடியாவின் முக்கியக் குடியிருப்பான போர் ரொயால் ஊர்ப் பங்கின் (தேவாலய நிர்வாக எல்லையின்) ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் நமக்கு மிஞ்சியிருப்பவை 1702-இலிருந்து தொடங்குகின்றன. இன்னொரு அகாடியக் குடியிருப்பான கிராண் பிரேயின் பங்குப் பதிவேடுகள் 1707 முதல் 1748 வரையிலானவை. அவையும் நாடு கடத்தப்பட்டவர்கள் தங்களோடு எடுத்துச் சென்றதால் லூயிசியானாவில் தப்பிப் பிழைத்தவை. பெயர் பெயராக எழுதப்பட்ட முதல் குடிக்கணக்கு 1671-இல்தான் வருகிறது. ஆக முதல் நாற்பது வருடங்களுக்குக் கையில் பெரிதாக எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தை எதையாவது போட்டு நிரப்பிவிட வேண்டும் என்ற அவசரம்தான் கீழே வரும் தவறுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது.

பெயர் ஒத்துப்போனதும் ஊர் கிடைத்துவிட்டதாக நினைப்பது

அகாடிய வம்சாவளிகளில் அடிக்கடி தென்படும் ஊர்ப்பெயர்கள் மார்த்தெசே, லா ஷோசே. இரண்டும் பிரான்சில் லூதன் நகரத்தை ஒட்டியவை. ராசியிக்குப் பிறகு குடியேற்றத்தை நடத்திய சார்ல் தெ மெனு தோல்னேயின் தாயாருக்கு அந்தப் பக்கம் நிலபுலன்கள் இருந்தன. தன் சொந்தச் சீமையிலிருந்துதானே அவர் ஆள் திரட்டியிருப்பார் என்று யோசித்தார் அகாடியப் பேச்சுவழக்கை ஆராய்ந்த ழெனவியேவ் மாசிஞோன். லா ஷோசேயின் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, போர் ரொயால் கணக்கில் வரும் குடும்பப் பெயர்கள் பல அங்கே இருந்தன. அருமையான கருதுகோள். ஆனால் பின்னால் வந்தவர்கள் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டு, ஆதாரமே இல்லாத முன்னோர்களையெல்லாம் 'மார்த்தெசேயில் பிறந்தவர்' என்று எழுதத் தொடங்கினார்கள். ழான் தெரியோ அப்படி ஊர் ஒட்டப்பட்டவர்களில் ஒருவர்.

உண்மையான ஆதாரம் எப்படி இருக்கும் என்பதற்கு அதே லா ஷோசேயிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. வென்சான் புருன், ரெனே புரோ தம்பதியின் மகள்கள் மதலேன், ஆந்திரே இருவருக்கும் 1645, 1646-இல் அங்கே ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. 1671-இல் போர் ரொயாலில் அதே தாய், அதே தந்தை, அதே பெயருள்ள இரண்டு மகள்கள், வயது 25, 24. நான்கு பேரும் அவர்களுடைய உறவும் வயதும் ஒரே நேரத்தில் பொருந்துகின்றன. இதை ஏற்கலாம். தனி ஒரு 'ழான் மார்த்தேன்' கிடைத்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் கால பிரான்சில் ழான்களுக்கும் பியேர்களுக்கும் பஞ்சமே இல்லை.

இதன் கிளைத் தவறு, பிரபலமான ஒருவரோடு முடிச்சுப் போடுவது. கியூபெக்கின் முதல் குடியேறியாகப் போற்றப்படும் லூயி எபேர் அதற்கு முன்பு போர் ரொயாலிலும் இருந்தவர். அதனால் அகாடிய எபேர் குடும்பத்தை அவர் வம்சம் என்று எழுதுகிறார்கள். அகாடியாவின் அந்துவான், எத்தியேன் எபேர் இருவரையும் அவரோடு இணைக்கும் ஆவணம் எதுவும் இல்லை.

குடிக்கணக்கில் உள்ள வயதைப் பிறந்த ஆண்டாக மாற்றுவது

1671 கணக்கை எடுத்தவர் லொரான் மோலேன் என்ற துறவி. வீடு வீடாகப் போனவருக்கு எல்லாரும் மரியாதையாகப் பதில் சொல்லிவிடவில்லை. பீப்பாய் செய்யும் பியேர் லானூ, தான் நலமாக இருப்பதாகவும் வயதைச் சொல்ல விருப்பமில்லை என்றும் சொல்லியனுப்பினார். தையல்காரர் பியேர் மெலான்சோன் வயதையும் மாட்டுக் கணக்கையும் தர மறுத்தார். எத்தியேன் ரொபிஷோ ஆளே முகம் கொடுக்கவில்லை. இதையெல்லாம் மோலேன் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது அந்த வரிகளைப் படித்த பிறகுதான். தெரியாததைத் தெரியாது என்று விட்டிருக்கிறார்.

பதில் சொன்னவர்களின் வயதும் உத்தேசம்தான். ராதகோந்த் லாம்பேர் என்ற பெண்மணிக்கு 1671-இல் வயது 42. 1686 கணக்கில் அவருக்கு 65. பதினைந்து வருடத்தில் இருபத்து மூன்று வயது கூடியிருக்கிறது. அப்படியானால் பிறந்தது 1629-ஆ, 1621-ஆ? ஒரு கணக்கை மட்டும் பார்த்தவர் ஏதாவது ஒன்றைத் துணிந்து எழுதிவிடுவார். பிறகு அந்த வருடத்தை வைத்து பிரான்சில் ஞானஸ்நானம் தேடி, 'லாம்பேர்' வீட்டில் பொருந்துகிற குழந்தை ஒன்றையும் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு கணக்குகளையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, '1621-க்கும் 1629-க்கும் இடையில்' என்று எழுதுவதே முறை. ழான் கொதே என்பவருக்கு 1671-இல் 96 வயது என்று இருக்கிறது. அவ்வளவு முதியவர் என்பதை நம்பலாம். ஆனால் 1575 என்று துல்லியமாக எழுத அது போதாது.

சத்தியப் பிரமாணம் என்பதால் அப்படியே நம்புவது

துரத்தப்பட்ட அகாடியர்களில் சில குடும்பங்கள் 1765-இல் பிரான்சின் கரையோரத் தீவான பெல் ஈல் ஆன் மேரில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுடைய பதிவேடுகள் அமெரிக்கக் கண்டத்தில் அழிந்தோ தொலைந்தோ போயிருந்ததால், பிரான்சின் பிரித்தானி மாகாண நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 1767-இல் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் சாட்சிகள் முன்னிலையில் தன் வம்சத்தைச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஊர் இழந்து, உறவுகளை இழந்து, இருந்த காகிதத்தையும் இழந்தவர்கள் நினைவிலிருந்து சொன்ன வாக்குமூலங்கள் அவை. படிக்கும்போது மனம் கனத்துப்போகும். அவை இல்லாவிட்டால் அகாடிய வம்சாவளியில் பாதி இருட்டாகவே இருந்திருக்கும்.

ஆனாலும் அவற்றைத் தரம் பிரித்தே படிக்க வேண்டும். சொல்பவர் தன் பெற்றோர், தாத்தா பாட்டி பற்றிச் சொல்வது நேரில் அறிந்தது. முதல் குடியேறி பற்றிச் சொல்வது நூறு வருடத்துக்கு மேலான செவிவழிச் செய்தி. ராதகோந்த் லாம்பேரின் கணவர் ழான் பிளான்ஷார். இரண்டு குடிக்கணக்குகளிலும் அவருடைய மனைவியாக இருப்பது ராதகோந்த்தான். பெல் ஈல் வாக்குமூலங்களிலோ மனைவியின் பெயர் உகெத் புவாரியே என்று இருக்கிறது. பொய் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. கொள்ளுப்பாட்டி காலத்துப் பெயர் மாறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம், 'மனைவியோடு பிரான்சிலிருந்து வந்தார்' என்ற ஒரே வாசகம் குடும்பத்துக்குக் குடும்பம் திரும்பத் திரும்ப வரும். அதை வைத்துத் திருமணம் பிரான்சில் நடந்தது என்று முடிவு கட்டி அங்கே பதிவு தேடுவது வீண் அலைச்சலாக முடியலாம். அகாடியாவுக்கு வந்த பிறகு மணம் முடித்த தம்பதிகளுக்கும் இதே வாசகம் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த வாக்குமூலங்களை வரிவரியாகச் சரிபார்த்த மங்க்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டீபன் ஒயிட்டின் வேலை இந்த விஷயத்தில் பெரிய துணை.

டிஎன்ஏ முடிவை அரைகுறையாகப் படிப்பது

இதில்தான் இப்போது சேதம் அதிகம். பெற்றோர் தெரியாத முதல் தலைமுறைப் பெண்களை, உள்ளூர்ப் பூர்வகுடிகளான மிக்மாக் இனத்தவர் என்று எழுதிவிடும் வழக்கம் பல வருடங்களாக இருக்கிறது. ராதகோந்தையும் அப்படி எழுதினார்கள். தாய்வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏவை, மகள், மகளின் மகள் என்று அவர்வழி வந்தவர்களிடம் சோதித்தபோது 'எக்ஸ்' என்ற மரபணுத் தொகுதி வந்தது. எக்ஸ் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் காணப்படுவது என்பதால், நிரூபணமாகிவிட்டது என்று சிலர் கொண்டாடினார்கள். ஆனால் பூர்வகுடிகளிடம் இருப்பது எக்ஸ்2ஏ என்ற கிளை. ராதகோந்த் வழியில் வந்தது எக்ஸ்2பி, ஐரோப்பியக் கிளை. தொகுதியின் முதல் எழுத்தோடு படிப்பதை நிறுத்தியதால் வந்த வினை அது. அவருடைய தாய்வழி ஐரோப்பா என்பது இன்று தெளிவு. எந்த ஊர், யார் மகள் என்பது இன்னும் தெரியாது. டிஎன்ஏ அதைச் சொல்லவும் சொல்லாது.

நேர்மாறாக நடந்ததும் உண்டு. 1654-இல் ஆங்கிலேயர்கள் போர் ரொயாலைப் பிடித்தபோது கோட்டையை ஒப்படைத்த தளபதி ழெர்மேன் துசே, பிரான்சின் பிரீ பகுதியைச் சேர்ந்தவர். 1671 கணக்கில் 30 வயதுள்ள இன்னொரு ழெர்மேன் துசே இருக்கிறார். பெயரைப் பார்த்து அவரைத் தளபதியின் மகன் என்று எல்லாரும் எழுதினார்கள். தந்தைவழி இறங்கும் ஒய் டிஎன்ஏ சோதனையில், தளபதியின் இன்னொரு மகனாகக் கருதப்படும் பியேர் துசேயின் வழியினருக்கு ஐரோப்பிய வகை வந்தது. இளைய ழெர்மேனின் வழியினருக்கு அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கே உரிய 'சி' வகைக் கிளை வந்தது. ஆக, தளபதிக்குப் பிறந்த மகனாக இவர் இருக்க முடியாது. வளர்ப்பு மகனா, ஞானஸ்நானத்தின்போது அந்தப் பெயரைப் பெற்றவரா என்பதையெல்லாம் சோதனை சொல்லவில்லை. கதை கட்டுவதற்கும் அதில் இடமில்லை.

இப்படிப்பட்ட முடிவை ஒரே ஒருவரின் சோதனையை வைத்து எழுதக் கூடாது என்பதையும் கவனியுங்கள். இடையில் ஏதோ ஒரு தலைமுறையில் தத்தெடுப்பு நடந்திருந்தால் முழு வழியும் தவறாகிவிடும். முதல் ஆளின் இரண்டு வெவ்வேறு மகன்கள் வழியாக வந்த, உறவால் தூரமான இருவரின் முடிவு ஒத்துப்போக வேண்டும். பெண்வழிக்கும் அப்படியே. எந்த இனம் எத்தனை சதவீதம் என்று சொல்வதாகப் பொதுவாக விற்கப்படும் டிஎன்ஏ சோதனைகளோ இந்தக் கேள்விக்கு உதவாது. சில நூறு குடும்பங்கள் நூறு வருடத்துக்கு மேல் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகம் இது. எந்த இரண்டு அகாடியர்களை எடுத்தாலும் பத்து வழியில் உறவு வரும். அதில் எந்த வழியின் டிஎன்ஏ துண்டு பொருந்தியது என்று பிரித்துச் சொல்வது ஏறக்குறைய முடியாத காரியம்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், பூர்வகுடிப் பாட்டி என்பது வெறும் அலங்காரம் இல்லை. மிக்மாக் மக்கள் இன்றும் அதே மண்ணில் வாழ்கிறார்கள். அவர்களுடைய அடையாளத்தோடும் உரிமையோடும் சம்பந்தப்பட்ட விஷயம். மிக்மாக் பெண்களை மணந்த பிலிப் மியூ தாசி போன்றவர்களின் குடும்பங்களுக்கு எழுத்தாதாரம் இருக்கிறது. ஆதாரம் இல்லாத இடத்தில் அப்படி எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

பிரான்சை மட்டுமே தேடுவது

பலர் அகாடியாவிலேயே கிடைக்கும் தடயங்களைத் தாண்டி நேராக பிரான்சுக்குத் தாவிவிடுகிறார்கள். போர் ரொயாலின் 18-ஆம் நூற்றாண்டுத் திருமணப் பதிவுகளில் ஒரு பொக்கிஷம் ஒளிந்திருக்கிறது. நெருங்கிய உறவில் திருமணம் செய்ய கத்தோலிக்கத் திருச்சபையின் விதிவிலக்கு தேவை. எத்தனையாவது படி உறவு என்பதைப் பங்குத்தந்தை பதிவில் எழுதுவார். இரண்டாம் படி என்றால் மணமக்களுக்குப் பொதுவான தாத்தா பாட்டி, மூன்றாம் படி என்றால் அவர்களுக்கும் ஒரு தலைமுறை முந்தியவர்கள், நான்காம் படி என்றால் அதற்கும் முந்தியவர்கள். எழுத்தில் எங்குமே இல்லாத முதல் தலைமுறை அண்ணன் தம்பி உறவுகள் சில இப்படிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு மீட்கப்பட்டவைதான். இரத்த உறவுக்கான விதிவிலக்கையும் திருமண உறவுக்கான விதிவிலக்கையும் குழப்பிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். ஒரே பதிவை நம்பாமல் அதே இரண்டு குடும்பங்களின் வேறு திருமணங்களிலும் கணக்கு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிலருக்குப் பதில் பிரான்சிலேயே இருக்காது. வயதைச் சொல்ல மறுத்த அந்தத் தையல்காரர் மெலான்சோனின் குடும்பத்தை நெடுங்காலம் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்றே சொல்லி வந்தார்கள். அவர்களின் தாய் பாஸ்டனில் கொடுத்த மனு ஒன்று விஷயத்தைத் தெளிவாக்கியது. தந்தை பிரெஞ்சு புராட்டஸ்டன்ட், தாய் ஆங்கிலேயப் பெண். 1657-இல் ஆங்கிலேய ஆளுநர் தாமஸ் டெம்பிளோடு வந்தவர்கள். 1654 முதல் 1670 வரை அகாடியா ஆங்கிலேயர் கையில் இருந்ததால், மாசசூசெட்ஸ் ஆவணக் காப்பகத்தையும் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும்.

லா ரொஷேல் துறைமுகத்தின் நோட்டரிக் கட்டுகளும் முக்கியம். அவற்றைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. ரொபேர் கொர்மியே என்ற கப்பல் தச்சர் 1644-இல் மனைவி, மகனோடு மூன்று வருடம் நோவா ஸ்கோஷியாவை ஒட்டிய கேப் பிரெட்டன் தீவில் வேலை செய்ய அங்கேதான் ஒப்பந்தம் போட்டார். 1671-இல் போர் ரொயாலில் தச்சராக இருக்கும் தோமா கொர்மியே அந்த மகன். வம்சாவளிகளில் ரொபேர் 'லா ரொஷேலில் பிறந்தவர்' ஆகிவிட்டார். ஒப்பந்தம் காட்டுவது அப்போது அவர் குடியிருந்த இடத்தை. துறைமுக ஊர்களுக்கு நாலாபக்கமிருந்தும் வேலை தேடி ஆட்கள் வந்து சேர்ந்த காலம் அது. கப்பல் பட்டியலிலும் அதே கவனம் வேண்டும். 1636-இல் புறப்பட்ட சேன் ழான் கப்பலின் பட்டியல் பியேர் மார்த்தேன், கியோம் திராஆன் போன்ற சிலருக்கு ஊரோ தொழிலோ தருகிறது. ஆனால் அதில் வந்த வேலையாட்கள் பலர் ஒப்பந்தம் முடிந்து திரும்பிப் போனவர்கள். ஆகவே ரொபேருக்கு 'வசிப்பிடம், 1644: லா ரொஷேல்' என்று ஆவணத்தின் தேதியோடு எழுதுங்கள். 'பிறந்த ஊர்' என்ற கட்டத்தை இப்போதைக்குக் காலியாகவே விடுங்கள்.