வாட்டர்கலர்: கை வைக்கக் கூடாத அந்தப் பத்து நிமிடம்

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளத்தின் மேற்குக் கரையில் பத்துப் பேர் ஸ்டூல் போட்டு வரைய உட்கார்ந்தால், எட்டு மணிக்குள் நாலு வானத்திலாவது காலிஃப்ளவர் பூத்துவிடும். வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்துப் பரப்பிய வண்ணம், பாதி காய்ந்திருக்கும்போது ஈரப் பிரஷ் பட்டு, ஓரம் சுருண்டு விரியும் கறைக்குத்தான் அந்தப் பெயர். முதல் வாஷ் நன்றாகவே விழுந்திருக்கும். மூலையில் லேசாக வெளிறியிருக்கும், அவ்வளவுதான். அதைச் சரிபண்ணலாமே என்று பிரஷ் திரும்பப் போகும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிடும்.

தாளில் உள்ள ஈரத்தைவிடப் பிரஷ்ஷில் ஈரம் அதிகமென்றால், புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். தாள் பளபளவென்று இருக்கும்போது வண்ணம் சேர்க்கலாம். முழுக்கக் காய்ந்த பிறகும் சேர்க்கலாம். பளபளப்பு மங்கி, ஈரம் மட்டும் மிச்சமிருக்கும் இடைவேளையில்தான் தொடக் கூடாது. காய்ந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. மார்கழிக் காலையில் இந்தக் காத்திருப்பு ரொம்பவே இழுக்கும். மே மாதமோ நேர்மாறு, பாதி வானம் போடுவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். அப்போது முதலில் வெறும் தண்ணீரால் தாளை நனைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. குழுவாக வரைவதில் ஒரு வசதி, காயும் நேரத்தில் காபி குடிக்கப் போகலாம். பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

தாள் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். விலையுயர்ந்த டியூப்களை வாங்கிவிட்டுச் சாதாரண டிராயிங் நோட்டில் போடுகிறவர்கள் நிறைய. முதல் வாஷிலேயே அது அப்பளம் மாதிரி பொங்கி, பள்ளத்தில் வண்ணம் தேங்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டித் தாளைக் கால் ஷீட்டாக வெட்டி, நாலு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பாழானால் பின்பக்கம் இருக்கிறது.

அடுத்தது கோபுரம். மேற்குக் கரையிலிருந்து காலையில் பார்த்தால் அது எதிர்வெயிலில் நிற்கும். சுதைச் சிற்பம் ஒன்றுகூடத் தனியாகத் தெரியாது. ஆனால் அங்கே சிற்பங்கள் இருப்பது நமக்குத் தெரியுமே, அதனால் கை சும்மா இருக்காது. என் முதல் கோபுரம் நவராத்திரி கொலுவைப் போலத்தான் வந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே ஊதாச் சாம்பல் வடிவமாகிவிடும். அந்த ஒரு வடிவத்தை ஒரே மூச்சில் போட்டு, ஓரங்களில் மட்டும் சில நெளிவுகள் விட்டால் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். இந்தச் சாம்பலுக்குக் கறுப்பு டியூப்பைத் திறக்க வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தாலே உயிருள்ள சாம்பல் கிடைக்கும்.

எழும்பூர் ரயில் நிலையம் போன்ற கட்டடத்தில் தவறு வேறு மாதிரி. 1908இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தின் அழகே நடுநடுவே வரும் வெள்ளையில்தான். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தொடாமல் விட்ட தாள். எல்லாவற்றையும் சிவப்பால் மூடிவிட்டு அப்புறம் வெள்ளை டியூப்பைத் தேடினால் சுண்ணாம்பு அப்பியதுபோல் இருக்கும். எங்கெங்கே வெள்ளை என்று பென்சில் கோட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். இன்னொன்று, ஸ்டூலில் உட்கார்ந்து கோடு போட்டுவிட்டு நின்றுகொண்டு ஆட்களைச் சேர்க்காதீர்கள். உட்கார்ந்தவரின் கண்மட்டம், சமதரையில் நிற்பவரின் நெஞ்சளவுக்குத்தான் வரும். நின்றால் மட்டம் ஏறிவிடும், பாதி ஜனம் குள்ளமாகிவிடும்.

நிழலும் காத்திருக்காது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. முதல் பத்து நிமிடத்தில் நிழல் விழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, பிறகு அது எங்கே போனாலும் பின்னாலேயே ஓடாதீர்கள். போனில் படம் எடுத்து வைக்கலாம், ஆனால் அதில் நிழல்கள் கன்னங்கரேலென்று விழும். அதை நம்பி வண்ணம் கலக்கக் கூடாது.

பக்கத்து ஸ்டூலில் இருப்பவர் படத்தை எட்டிப் பார்ப்பதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அவர் வானம் காய்ந்துவிட்டதே என்று நம் ஈர வானத்தில் கோபுரத்தை இறக்குவதுதான் தவறு. போன வாரம் பூக்கட்டும் அக்கா ஒருவர் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, வரைய வந்துட்டு எல்லாரும் சும்மா உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"காயுதுக்கா."