கூடலூர் பின்கோடை உடைத்துப் பார்ப்பது எப்படி

கூடலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, மழையில் சிக்னலும் போய்விட்டால், அந்த ஊரின் பின்கோடு 643212-ஐப் பகா எண்களின் பெருக்கலாக உடைத்துப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் 12, அதனால் 4 வகுக்கும். இலக்கங்களைக் கூட்டினால் 18, அதனால் 9-உம் வகுக்கும், ஆக 36-ஆல் வகுத்தால் கிடைப்பது 17867. அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதிக்கலாம்: 1001 என்பது 7×11×13 என்பதால், 17867-இல் 17×1001 போக, அதாவது 867-இல் 17-ஐக் கழித்து, வரும் 850-ஐப் பார்த்தால் போதும். மூன்றுமே வகுக்காது. சரி, 17? 17000-உம் 867-உம் தனித்தனியாக வகுபடுகின்றன, கிடைப்பது 1051. அதன் வர்க்கமூலம் 32-ஐச் சற்றே தாண்டும், அதனால் 31 வரை பகா எண்களால் வகுத்துப் பாருங்கள் (இதுதான் சலிப்பான வேலை), எதுவும் வகுக்காது, பகா எண்தான்.

643212 = 2²×3²×17×1051. அடுக்குகளோடு ஒன்றொன்று கூட்டிப் பெருக்கினால், 3×3×2×2, மொத்தக் காரணிகள் 36. அந்த 36-உம் இந்த எண்ணை வகுக்கிறதே!