குழாய் மூடியிருந்தும் ஓடிய கேரவன் பம்பு

நீடாமங்கலத்தில் வண்டியை நிறுத்திய ராத்திரியிலிருந்து, குழாயெல்லாம் மூடியிருந்தும் தொட்டித் தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளும் 12 வோல்ட் பம்பு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ‘டுர்’ரென்று இரண்டு விநாடி ஓடி நின்றது. மூன்று நாள் வீண். வாஷர் மாற்றினேன், கிளாம்பு முறுக்கினேன், பிரஷர் குறைந்தால் பம்பை ஓடவிடும் சுவிட்சைத் திருகினேன் (அதைத் தொட்டிருக்கவே கூடாது). மூட்டுகளில் சுற்றிய டிஷ்யூ துளிகூட நனையவில்லை. விஷயமே அதுதான்: தண்ணீர் வெளியே கசியவில்லை, பம்பு வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது.

வழியில் பிடித்தது போர் தண்ணீர். நைஸ் மணல் கலந்தது. கரண்டை நிறுத்தி, குழாயைத் திறந்து பிரஷரை இறக்கி, பம்பின் தலையைக் கழற்றினால் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ரப்பர் வால்வின் விளிம்பில் இரண்டே இரண்டு மணல். அலசி, வடிகட்டி வலையையும் கழுவி மாட்டியதும் சத்தம் நின்றது. ஸ்குரூவை எதிரெதிர் மூலையாக முறுக்கணும். ஒரே பக்கம் இறுக்கினால் டயாபிரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) பிதுங்கிக் கசியும். இப்போதெல்லாம் தண்ணீர் பிடிக்கும்போது ஓஸ் வாயில் பழைய வேட்டித் துணி, இரண்டு மடிப்பு.