பத்தாம் வகுப்புக் கணக்குப் பயிற்சி: ஒரு பிஸ்கட் டப்பா, இரண்டு நோட்டு

காலாண்டுத் தேர்வில் என் மகள் கணக்கில் 41 மதிப்பெண் வாங்கி வந்தாள். புத்தகத்தில் எந்தப் பயிற்சியைக் கொடுத்தாலும் தடுமாறாமல் போடுகிறவள் தேர்வில் மட்டும் ஏன் திணறுகிறாள் என்று விளங்காமல், விடைத்தாளையும் பாடப்புத்தகத்தையும் அருகருகே விரித்து வைத்து இரண்டு இரவுகள் பார்த்தேன். பயிற்சி 7.2 என்று மேலே போட்டிருந்தால் அது கன அளவுக் கணக்கு என்பது வினாவைப் படிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருப்பதில்லை. அவளுக்குக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது. எந்தக் கணக்கு என்று அடையாளம் காணும் பழக்கம்தான் இல்லை. அதற்காக நாங்கள் கையாண்ட முறையை மாநிலப் பாடத்திட்டத்தை வைத்து எழுதுகிறேன். எட்டு இயல்களின் பெயர்களும் வினாத்தாள் அமைப்பும் உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றைத் தாண்டிச் செல்கிறேன்.

முதல் படி, பொருட்கள். கோடு போடாத நீள நோட்டு இரண்டு, சாதாரணப் பால்பாயிண்ட் பேனா, திருகு இறுக்கமான கவராயம், ஒரு காலி பிஸ்கட் டப்பா. அழிப்பானை வரைபடத்துக்கு மட்டும் வெளியே எடுங்கள். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையாலேயே அழித்துக்கொண்டு போவார் என்று சொல்வார்கள்; அவருக்கு அது சரியாக இருந்திருக்கலாம். நம் பிள்ளைகள் எழுதிய தவறு கண்ணெதிரே இருந்தால்தான் எங்கே சறுக்கினார்கள் என்று பார்க்க முடியும் என்பதால், ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வரியில் எழுதச் சொல்கிறேன்.

இரண்டாம் படி, ஓர் இயலை எடுத்து அதிலுள்ள எடுத்துக்காட்டுகளின் தீர்வை மறைத்துக்கொண்டு போட்டு முடிப்பது. காணொளியைப் பார்த்துத் தலையாட்டுவதை நான் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாம் படிதான் டப்பா. முடித்த இயல்கள் ஒவ்வொன்றிலிருந்தும் பன்னிரண்டு வினாக்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, பின்புறம் பக்க எண்ணை மட்டும் குறித்து, டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். தினமும் ஐந்து சீட்டு. எடுத்தவுடன் கணக்கைத் தொடங்கக் கூடாது. கொடுத்திருப்பது என்ன, கேட்பது என்ன, எந்தச் சூத்திரம் என்று மூன்று வரி எழுதிய பிறகே தொடங்க வேண்டும். நாங்கள் சிக்கிக்கொண்டதும் இந்த மூன்று வரியில்தான், அதுவும் ஒரு நெற்குவியலில்.

களத்தில் கூம்பாகக் குவித்த நெல்லின் அடியைச் சுற்றிக் கயிறு வைத்தால் 22 மீட்டர். உச்சியிலிருந்து சரிவோடு விளிம்பு வரை 3.7 மீட்டர், நெல்லின் கன அளவு என்ன என்பது வினா. சுற்றளவு 22 என்றால் ஆரம் 3.5 மீட்டர் என்பது வரை அவள் சரியாகவே வந்தாள். பிறகு உயரம் இருக்குமிடத்தில் 3.7ஐ எழுதி, 47 கன மீட்டருக்கு மேல் விடை கொண்டுவந்தாள். சரிவில் அளந்தது சாயுயரம். 3.7இன் வர்க்கம் 13.69, அதிலிருந்து 3.5இன் வர்க்கமான 12.25ஐக் கழித்தால் 1.44, ஆகவே உயரம் 1.2 மீட்டர்தான். ஆரத்தின் வர்க்கத்தை 22/7ஆல் பெருக்கினால் 38.5, அதை 1.2ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தால் 15.4 கன மீட்டர். ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததில் நெல் மூன்று மடங்காகப் பெருகிவிட்டது. கொள்முதல் நிலையத்து வாசலில் இரவெல்லாம் காத்துக் கிடக்கிறவருக்கு இந்தக் கணக்கு பலித்தால் நன்றாகத்தான் இருக்கும்.

விளக்கிச் சொல்லியும் அவளுக்கு மனதில் நிற்கவில்லை. அதே குவியல் மழையில் நனையாமல் இருக்க எவ்வளவு தார்ப்பாய் வேண்டும் என்று கேட்டபோதுதான் நின்றது. தார்ப்பாய் சரிவின் மேல் படிகிறது, ஆகவே அதற்குச் சாயுயரம்: 22/7, 3.5, 3.7 மூன்றையும் பெருக்கினால் 40.7 சதுர மீட்டர். நெல் உள்ளே நிறைந்திருக்கிறது, ஆகவே அதற்குச் செங்குத்து உயரம். ஒரே படத்துக்கு இரண்டு வினாக்களையும் சேர்த்தே போடுங்கள்.

இதே வகையில் இன்னொரு கண்ணி, தொடர்வரிசையில் இருக்கிறது. முதல் நாள் 10 ரூபாய், பிறகு நாளுக்கு 5 ரூபாய் கூட்டி உண்டியலில் போட்டால், ‘30ஆம் நாளில் போட்டது எவ்வளவு’ என்பதற்கு விடை 155. ‘30 நாட்களில் போட்டது எவ்வளவு’ என்பதற்கு விடை 2475. ‘ஆம்’ என்ற சிறு சொல்லும் ‘கள்’ என்ற விகுதியும்தான் எந்தச் சூத்திரம் என்பதைச் சொல்கின்றன. முக்கோணவியலில், மேலிருந்து கீழே பார்க்கும்போது வரும் இறக்கக்கோணத்தைக் கோபுரச் சுவரோடு ஒட்டிக் குறிப்பவர்கள், பார்ப்பவரின் கண்ணிலிருந்து கிடைக்கோட்டை முதலில் வரைந்துவிட்டால் தப்பிவிடலாம்.

நான்காம் படி, இரண்டாவது நோட்டு. இதில் தவறிய கணக்குகள் மட்டும். வாசித்ததில் தவறு, சூத்திரத்தில் தவறு, கூட்டல் பெருக்கலில் தவறு என்று ஓரத்தில் எழுதி, தவறிய சீட்டை மறுபடியும் டப்பாவிலேயே போட்டுவிட வேண்டும். ஒரு மாதத்தில் எங்கள் நோட்டின் ஓரங்களில் ‘வாசித்ததில்’ என்பதே அதிகமாக இருந்தது.

செய்முறை வடிவியலும் வரைபடமும் டப்பாவுக்குள் வராது. இரண்டுக்கும் எட்டெட்டாக 16 மதிப்பெண் என்பதால் சனி, ஞாயிறில் நாளுக்கொன்றாகத் தனியே வரைய வைக்கிறேன். உதவிப்படம் இல்லாமல் கவராயத்தைத் தொட விடுவதில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்த மன்னார்குடி வாசகர் ஒருவர், மூன்றாம் வாரத்திலேயே தம் மகனுக்குச் சீட்டுகளின் விடை மனப்பாடமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் அது நடந்தது. எண்களை மாற்றி எழுதுங்கள். ஆனால் கண்டபடி மாற்றினால் வர்க்கமூலம் முழுதாக வராமல் பிள்ளை தன் மேல் சந்தேகப்படும். 5, 12, 13 அல்லது 8, 15, 17 அல்லது 20, 21, 29 போன்ற எண்களைப் பத்தால் வகுத்துப் பயன்படுத்தினால் சிக்கல் இல்லை. நெற்குவியல் சீட்டை நான் மாற்றிய விதம்: அடிச்சுற்றளவு 13.2 மீட்டர், சரிவு 2.9 மீட்டர். கன அளவு 9.24 கன மீட்டர் வந்தால் சரி; 13.4 என்று வந்தால் சரிவையே உயரமாக எடுத்திருக்கிறீர்கள்.