நாள்பட்ட நோயிலும் நம்பிக்கை காக்கும் ஒரு குறிப்பேடு

நாள்பட்ட நோயுடன் வாழ்பவர்கள், உறங்கச் செல்லும் முன் அன்றைய நாளில் நன்றி சொல்லத் தக்கவையாகத் தோன்றும் இரண்டு மூன்று செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது உண்மையிலேயே பயன் தரும். அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நரம்புத்தசை நோய் உள்ளவர்களில் 21 நாட்கள் இவ்வாறு எழுதியவர்கள், எழுதாதவர்களைவிட மனநிறைவும் நல்ல உறக்கமும் பெற்றதாகத் தெரிவித்தனர். இதனால் வலி மறைந்துவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

"குடும்பத்துக்கு நன்றி" என்று பொதுவாக எழுதுவதைவிட, "மருத்துவமனையில் காத்திருந்த நேரம் முழுவதும் தங்கை உடனிருந்தாள்" என்று குறிப்பாக எழுதினால்தான் அந்தக் கணம் நெஞ்சில் தங்கும். கை வலிக்கும் நாளில் கைப்பேசியில் குரலாகப் பதிவு செய்தாலும் போதும். எதுவுமே தோன்றாத நாட்களும் வரும். அன்று பக்கத்தை வெறுமையாக விடுங்கள், நன்றியுணர்வைக் கடமையாக்கி உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். நம்பிக்கையையும் அவ்வாறே சிறிய அளவில் வளர்க்கலாம்: நாளை பத்து நிமிடம் இளவெயிலில் அமர்வது போன்று, உடல் அனுமதிக்கும் ஒன்றை முன்னதாகக் குறித்துவையுங்கள். விரக்தி இரண்டு வாரங்களுக்கு மேல் நீங்காதிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும் என்பதால், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.